கதை யானைக்கும் நிஜ யானைக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

கேள்வி

வணக்கம். குறுநாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் ஒரு வயதான ஆண் யானை. அது குட்டியாக இருக்கும்போது அதன் கண்ணெதிரே ஒருவன் தாயைச் சுட்டுக் கொல்கிறான். முப்பது வருடம் கழித்து அவன் முகத்தைப் பார்த்ததுமே அடையாளம் கண்டு பழிவாங்குகிறது. கடைசியில், யானைகள் காலங்காலமாகச் சாகப் போகும் ரகசிய இடத்தைத் தேடிப் போய், தாயின் எலும்புகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது.

படித்த நண்பர், "யானைத் தோலைப் போர்த்திய மனுஷன்தான் தெரியிறான், யானையைக் காணோம்" என்று சொல்லிவிட்டார். ஞாபகம், பழி, யானைச் சுடுகாடு இதெல்லாம் எந்த அளவுக்கு உண்மை? கதையையும் கைவிடாமல் யானையையும் யானையாக எழுத வழி உண்டா?

பதில் (படம் வரைபவர்)

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். யானை வராத சிறுவர் புத்தகம் அபூர்வம். அதனால் யானையைப் பற்றித் தேடித்தேடிப் படிப்பதும் தொழிலோடு சேர்ந்துவிட்டது. உங்கள் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த "முகத்தைப் பார்த்ததும்" என்ற இடம். யானைக்குப் பார்வை சுமார்தான். அதன் உலகம் மூக்கில் இருக்கிறது. வாசனையை உணர உதவும் மரபணுக்கள் நமக்குச் சுமார் 400, நாய்க்குச் சுமார் 800, ஆப்பிரிக்க யானைக்கோ கிட்டத்தட்ட 2,000. அந்த ஆள் வருவது உங்கள் யானைக்குக் காற்று திரும்பியதுமே தெரிந்துவிடும், முகம் கண்ணில் படுவது அப்புறம்தான்.

இதற்கு நல்ல சான்று கென்யாவின் ஆம்போசெலியில் இருந்து வந்தது. அங்கே மாசாய் இளைஞர்கள் வீரத்தைக் காட்ட யானையை ஈட்டியால் குத்தும் வழக்கம் இருந்தது. பக்கத்திலேயே விவசாயம் செய்யும் கம்பா மக்களால் யானைக்கு அந்த அளவு ஆபத்தில்லை. 2007ல் வெளியான ஆய்வில், மாசாய் ஆண் உடுத்திய துணி, கம்பா ஆண் உடுத்திய துணி, யாரும் உடுத்தாத துணி மூன்றையும் யானைகள் வரும் இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாசாய் வாசனை பட்டதும் யானைகள் தலைதெறிக்க ஓடி, உயரமான புல்லுக்குள் போன பிறகுதான் நின்றன. 2014ல் குரலை வைத்தும் சோதித்தார்கள். ஒரே வாக்கியத்தை இரண்டு மொழிகளிலும் பதிவு செய்து ஒலிபரப்பினால், மாசாய் ஆண் குரலுக்குத்தான் அதிகம் ஒடுங்கிப் பின்வாங்கின. மாசாய் பெண்கள், சிறுவர்கள் குரலுக்கு அவ்வளவு பயம் இல்லை.

ஆக, ஞாபகம் நிச்சயம் உண்டு. ஆனால் அந்த ஞாபகம் கூட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பயன்படுகிறது. ஒருவனுக்காக முப்பது வருடம் கறுவிக்கொண்டு காத்திருப்பது நம் கதை. தையல்காரன் ஊசியால் குத்தினான், யானை சேற்றை வாரி இறைத்தது என்று சின்ன வயதில் கேட்டதன் தொடர்ச்சிதான் அது.

அடுத்து சுடுகாடு. அப்படி ஒரு ரகசிய இடம் கிடையாது. யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப் பற்கள், ஒன்று தேய்ந்தால் பின்னாலிருந்து இன்னொன்று நகர்ந்து வரும். அறுபது வயதை ஒட்டிக் கடைசித் தொகுதியும் தேய்ந்துவிட்டால் பட்டையும் கிளையும் மெல்ல முடியாது. மெத்தென்ற புல் கிடைக்கும் நீர்க்கரையோரமாக ஒதுங்கி, அங்கேயே இறக்கும். பஞ்சத்தில் சாவதும் வற்றிய நீர்நிலையைச் சுற்றித்தான். எலும்புகள் ஓரிடத்தில் குவிந்து கிடப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

எலும்புகள் மேல் அவற்றுக்கு ஈர்ப்பு உண்டு, அதுவும் உண்மை. 2006ல் வெளியான இன்னொரு ஆம்போசெலி ஆய்வில் யானை, எருமை, காண்டாமிருகம் மூன்றின் மண்டையோடுகளையும் வைத்தபோது, யானையின் மண்டையோட்டைத்தான் தும்பிக்கையால் அதிகம் தடவிப் பார்த்தன. தந்தத்தின் மேலும் தனி ஆர்வம். ஆனால் தங்கள் கூட்டத்துத் தலைவியின் மண்டையோட்டையும் வேறு கூட்டத்துத் தலைவிகளின் மண்டையோடுகளையும் வைத்துப் பார்த்தபோது, சொந்தத் தலைவிக்கென்று தனிக் கவனம் தெரியவில்லை. "தாயின் எலும்பு" என்று உறுதியாக எழுதாதீர்கள். ஏதோ ஒரு யானையின் எலும்பு முன்னால் நின்று அது தடவட்டும். எனக்கு அதுவே போதுமான துக்கமாகப் படுகிறது.

கடைசியாக ஒன்று, இதை ஆசையோடு சொல்கிறேன்: நாயகனை மாற்றி ஒரு கிழட்டுப் பிடியை, அதாவது பெண் யானையை, வையுங்கள். கூட்டத்தை நடத்துவது அவள். தான்சானியாவின் தராங்கிரே பூங்காவில் 1993ல் கடும் வறட்சி. பல கன்றுகள் செத்தன. வயதான பிடிகள் நடத்திய கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறி எங்கோ தண்ணீரும் தீனியும் தேடிக்கொண்டன, அவை இழந்த கன்றுகள் குறைவு. அதற்கு முந்தைய பெரும் வறட்சி 1958 முதல் 1961 வரை. அதைச் சிறுவயதில் கடந்து வந்த பிடிகளுக்கு வழி ஞாபகம் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். முப்பது வருடத்துக்கு முன் நடந்துபோன தண்ணீர்த் தடம்! உங்கள் நாவல் அங்கே இருக்கிறது.

பதில் (வேறொரு வாசகர்)

மேலே சொன்னது அருமை. ஆனாலும் ஆண் யானையை அப்படிக் கைவிட வேண்டாம், அந்தக் குட்டிப் பருவத்துக் காட்சியில் ஒரு நிஜக் கதை ஒளிந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் எண்ணிக்கையைக் குறைக்க யானைகளைச் சுட்டார்கள். தப்பவிட்ட குட்டிகளை பிலானஸ்பெர்க் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெரிய யானைகளே கிடையாது. குட்டிகள் வளர்ந்தன. 1992 முதல் 1997 வரை அந்த இளம் ஆண்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. வர வேண்டிய வயதுக்கு வெகுமுன்பே மதம் பிடித்து, நீண்ட நாள் நீடித்தது. 1998ல் குரூகரிலிருந்து ஆறு பெரிய களிறுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரியவர்கள் வந்ததும் இளசுகளின் மதம் தணிந்தது, கொலையும் நின்றது. பழி என்று இதைச் சொல்ல முடியாது, கொன்றவன் யார் என்பதற்கும் காண்டாமிருகத்துக்கும் என்ன சம்பந்தம்? தட்டிக்கேட்கப் பெரியவர் இல்லாமல் வளர்ந்ததன் விளைவு அது.

பழைய கவிஞர்களையும் லேசில் தள்ளிவிடாதீர்கள். மதம் பிடித்த யானையின் கன்னப்பொறியில் வழியும் மதநீரின் மணத்துக்கு வண்டு மொய்க்கும் என்று நம் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். வெறும் அலங்காரம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். 2002ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, இளம் ஆசிய யானைகளின் மதநீரில் தேன் போன்ற இனிய மணம் இருக்கிறது, வயதேற ஏற அது துர்நாற்றமாக மாறுகிறது என்கிறது. புறநானூற்றில் பிசிராந்தையார், வயலில் புகுந்த யானையின் வாய்க்குள் போவதைவிடக் காலால் கெடுவது அதிகம் என்கிறார். வரி வாங்கும் அரசனுக்குச் சொன்ன புத்திமதி என்றாலும், யானை நடந்துபோன வயலைப் பார்த்தவர் பேச்சு அது.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிடியைத் தலைவியாக வைத்து, தாயை இழந்த இளம் களிறை அவள் கூட்டத்தின் ஓரத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். குட்டிகள் வரும் காட்சிகளில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில் (படம் வரைபவர்)

நல்ல முடிவு. ஆனால் களிறு 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

குட்டி பால் குடிப்பது வாயால். தும்பிக்கையை ஓரமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு குடிக்கும். தாயின் மடி பசுவுக்கு இருப்பதுபோல் பின்னங்காலுக்கு நடுவில் இல்லை, முன்னங்கால்களுக்கு நடுவில். அச்சில் வந்த படங்களிலேயே இது தப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், மனம் சங்கடப்படும். பிறந்த குட்டிக்குத் தும்பிக்கையை என்ன செய்வது என்றே தெரியாது. ஆட்டும், சில சமயம் அதையே மிதிக்கும். தண்ணீரை அதில் உறிஞ்சி வாய்க்குள் பீய்ச்சக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும்.

அப்புறம், பெரிய யானைகளை ராத்திரி முழுக்கப் படுத்துத் தூங்க வைக்காதீர்கள். போட்ஸ்வானாவில் இரண்டு தலைவிப் பிடிகளைக் கருவி பொருத்திக் கவனித்ததில், நாளுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம்தான் தூங்கின. பெரும்பாலும் நின்றபடியே. படுப்பது மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. உங்கள் பிடி படுத்தாள் என்று எழுதினால், அன்றைக்கு அங்கே அவளுக்குப் பயமில்லை என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். வரைவு முடிந்ததும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.