ஆறு சின்ன வேலை, ஆறும் பாதியில் நிற்கிறது. வழி சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம் டிரிப்:

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் சொட்டுநீர் டிரிப் போடும் வேலையை எடுத்துச் செய்கிறேன். என்னோடு நான்கு பேர். மாந்தோப்பு, தக்காளி, மல்லி என எந்த வேலையும் மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் முடிய வேண்டியதுதான். இப்போது ஆறு இடத்தில் கை வைத்துவிட்டேன், ஒன்றுகூட முடியவில்லை. காலையில் போனை எடுத்தாலே "இன்னைக்காவது ஆள் வருமா?" என்ற கேள்விதான். தேடி வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வராமல்தான் இப்படி ஆனது.

மச்சான் சொன்னான் என்று திட்டம் போடும் ஆப் ஒன்றை எல்லோர் போனிலும் ஏற்றினேன். இரண்டு வாரம் நான் மட்டும்தான் அதில் எழுதினேன். கை முழுக்கச் சேறும் குழாய் பேஸ்டுமாக இருக்கும் பையன்கள் போனைத் தொடுவார்களா? இந்த மாதிரிச் சின்ன வேலைகளுக்கு எளிதான முறை இருந்தால் சொல்லுங்கள்.

ஓசூர் வயரிங்:

அண்ணா, ஒவ்வொரு வேலையும் எதனால் நிற்கிறது என்று எழுதுங்கள். அது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

காவேரிப்பட்டணம் டிரிப்:

சரி தம்பி. பர்கூர் மாந்தோப்பில் எல்லாம் ஆகிவிட்டது, தண்ணீரைத் திறந்து மூடும் 63 மி.மீ. பால் வால்வு ஒன்று குறைகிறது. போச்சம்பள்ளி தக்காளியில் 16 மி.மீ. குழாய் விரித்தாயிற்று, குழாய் நுனியை மூடும் எண்ட் கேப் பற்றவில்லை. காரிமங்கலத்தில் பள்ளம் எடுக்க ஜேசிபி வரவில்லை. மத்தூரில் "இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்துப் போடுப்பா" என்றார்கள், அதற்குக் குழாயும் இல்லை, தொகையும் பேசவில்லை. ராயக்கோட்டையில் ஃபில்டர் மேடைக்கு கான்கிரீட் போட்டு மூன்று நாள் ஆகிறது. சூளகிரியில் ஒரு தடையும் இல்லை, அனுப்ப ஆள்தான் இல்லை.

தருமபுரி கட்டட வேலை:

தம்பி, எழுதியதை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். பர்கூரும் போச்சம்பள்ளியும் ஒரு பை சாமான் இல்லாமல் நிற்கின்றன. நாளைக்கு வேறு எங்கும் போகாமல் அந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.

நான் பட்டுப்புழு வளர்ப்பு மனை, களம், தொட்டி என்று சின்னக் கட்டட வேலைகளைச் செய்பவன். எனக்கும் இதே நிலைமை இருந்தது. ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு. கையில் திறந்திருக்கும் வேலைகளை, வாரத்துக்கு எத்தனை முடிக்கிறோமோ அந்த எண்ணால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் இழுக்கும் என்று தெரியும். உங்கள் ஆட்கள் வாரம் இரண்டு வேலை முடிப்பார்கள் என்று வையுங்கள். ஆறு திறந்திருந்தால் ஒவ்வொன்றும் மூன்று வாரம் இழுக்கும். இரண்டு மட்டும் திறந்திருந்தால் ஒரு வாரம். ஆட்கள் அதேதான், உழைப்பும் அதேதான். அதனால் ஒரு நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் கை வைக்காதீர்கள்.

ராயக்கோட்டையை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கான்கிரீட் தானாக இறுகுகிறது, தோட்டக்காரர் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-இன்படி சாதா சிமெண்ட் என்றால் 7 நாள், சாம்பல் போன்றவை கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் 10 நாளாவது நனைக்க வேண்டும். எந்த சிமெண்ட் என்று மூட்டையைப் பார்த்து நாளைக் குறித்துவிட்டு நகருங்கள்.

மத்தூர்தான் ஆபத்தானது. அந்த இரண்டு ஏக்கர் புது வேலை. முதலில் பேசியதை முடித்துப் பணத்தை வாங்குங்கள், அப்புறம் இதற்குத் தனித் தாள், தனித் தொகை, தனித் தேதி. இரண்டையும் கலந்தால் எது எப்போது முடிந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ஆப் வேண்டாம். பழைய காலண்டர் அட்டையில் மூன்று கட்டம் போடுங்கள்: வரப்போவது, நடப்பது, முடிந்தது. வேலைக்கு ஒரு சீட்டு. நடக்கும் கட்டத்தில் இரண்டே இரண்டு ஆணி. டொயோட்டாவில் கான்பன் என்று அட்டையை வைத்துச் செய்தார்களே, அதன் அடிப்படையும் இதுதான்.

ஓசூர் வயரிங்:

ஐயா சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். ஓசூரில் சின்னக் கம்பெனிகள் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இடம் கொடுப்பார்கள். திங்கள் காலை முதல் ஷிஃப்டில் மிஷின் ஓடியாக வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன்: மாலை நான்கு மணிக்கு டெஸ்டிங், இரண்டுக்குள் கேபிள் முடிப்பு, அப்படியென்றால் சாமான் சனிக்கிழமை இரவே வண்டியில் ஏற வேண்டும். சாமான் சீட்டை ஒருவன் சத்தமாகப் படிப்பான், இன்னொருவன் பொருளைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகே பெட்டியில் போடுவான். "இருக்கும்" என்ற பேச்சுக்கு இடமில்லை. உங்கள் எண்ட் கேப் அப்படித்தான் தவறியிருக்கும்.

கிருஷ்ணகிரி டெக்கரேஷன்:

அண்ணா, இரண்டு வேலைதான் என்று உட்கார்ந்தால் சீசனில் வாடிக்கையாளரை வேறு யாராவது கூட்டிப்போய்விட மாட்டார்களா? எங்களுக்கு மாங்கனிக் கண்காட்சி, கல்யாணம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். தேதியை நகர்த்த முடியாது. அதனால் நாங்கள் வேலையைத்தான் குறைப்போம். முதலில் பந்தல், மின்சாரம், மேசை. தோரணமும் பூ வளைவும் கடைசி. நேரம் பற்றவில்லை என்றால் போவது தோரணம்தான், பந்தல் போகாது. எது கடைசி என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுவோம்.

தருமபுரி கட்டட வேலை:

தேதி நகராத வேலைக்கு நீங்கள் செய்வதுதான் முறை அம்மா. தோட்ட வேலையில் தேதியைப் பேசி வைக்கலாம். மண்வெட்டி போட்டுவிட்டு வராமல் இருந்தால்தான் கோபம் வரும். "பதினெட்டாம் தேதி வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் போய் நின்றால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள்.

தம்பி, இன்னொன்று. "முடிந்தது" என்றால் என்ன என்று தொடங்கும்போதே சீட்டின் பின்னால் எழுதுங்கள்.

காவேரிப்பட்டணம் டிரிப்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பர்கூர், போச்சம்பள்ளி, சூளகிரி மூன்றும் முடிந்தது. சீட்டின் பின்னால் "கடைசி வரிசைக் கடைசி மரத்தில் சொட்டுவதைத் தோட்டக்காரர் பார்க்க வேண்டும்" என்று எழுதினேன். பர்கூரில் குழாய் நுனிகளைத் திறந்து மோட்டார் போட்டோம். முதலில் பழுப்புத் தண்ணீர், குழாயில் துளை போட்டபோது உள்ளே விழுந்த பிளாஸ்டிக் சுருளோடு வந்தது. தெளிந்ததும் மூடினோம். கொஞ்ச நேரத்தில் கடைசி மரத்தடியில் சொட்டத் தொடங்கியது. தோட்டத்துப் பெரியவர் குனிந்து உள்ளங்கையில் நாலு சொட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, மீதிப் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தார்.

மத்தூரில் பழைய கணக்கை முடித்துவிட்டேன், புது இரண்டு ஏக்கர் "வரப்போவது" கட்டத்தில் இருக்கிறது. ராயக்கோட்டை பிபிசி சிமெண்ட், பத்து நாள் நனைப்பு முடிந்துவிட்டது. நாளைக் காலை ஃபில்டர் ஏறும். காரிமங்கலம் ஜேசிபிக்காரர் இன்னும் இழுக்கிறார், வேறு வண்டி கேட்டிருக்கிறேன். அட்டை ஷெட் கதவில் தொங்குகிறது, சீட்டைப் பையன்களே மாற்றுகிறார்கள். நேற்று வேப்பனப்பள்ளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அட்டையைப் பார்த்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமைதான் வர முடியும் என்றேன். "சரி, வியாழன் வாங்க" என்றார்.