அக்கா காலுக்கு லேசரா, ஆபரேஷனா? வீட்டில் இரண்டு கட்சி

புடவைப்பிரிவு தம்பி:
வணக்கம். என் அக்கா சென்னையில் ஒரு துணிக்கடையில் 16 வருடமாகப் புடவை எடுத்துக் காட்டுகிறார். நாள் முழுக்க நின்றபடிதான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது 2021இல். அதற்குள் இடது கால் கெட்டுவிட்டது. தொடை உள்பக்கத்திலிருந்து கீழ்வரை நரம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது, வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துச் சொரசொரவென்று ஆகி, ராத்திரியெல்லாம் அரிப்பு.

போன வெள்ளிக்கிழமை வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கறுப்புத் தோலில் ஒரு சின்ன முடிச்சு உடைந்து ரத்தம் பீய்ச்சி அடித்தது. வலியே தெரியவில்லையாம். தரையில் ஓடிய தண்ணீர் சிவந்திருந்ததைப் பார்த்துத்தான் கத்தினார்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், உள்ளே சூடு கொடுத்து நரம்பை அடைத்துவிடலாம், லேசர் போதும் என்கிறார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "சூடு வைப்பதெல்லாம் இப்போது வந்த வியாபாரம். அரசு மருத்துவமனையில் கிழித்து உருவி எடுத்தால் வேரோடு போகும், செலவும் இல்லை" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

லேத் பட்டறை:
தம்பி, யோசிக்காமல் லேசர் செய்யுங்கள். எனக்கு 4 வருடம் முன்னால் செய்தார்கள். முழு மயக்கம் கிடையாது, முதுகில் ஊசியும் கிடையாது. முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி குத்தி, அது வழியாக நூல் போன்ற ஒயரைத் தொடையிடுக்கு வரை ஏற்றினார்கள். அத்தனையும் ஸ்கேன் திரையில் தெரிந்தது. அப்புறம் மரப்பு மருந்து கலந்த உப்புநீரைத் தொடை நெடுக ஊசி ஊசியாக ஏற்றினார்கள். வலித்தது அந்த இடம்தான், ஒவ்வொரு குத்துக்கும் சுருக் சுருக்கென்று. லேசர் ஓடியபோது ஒன்றும் தெரியவில்லை. ஸ்டாக்கிங்ஸ் மாட்டி அரைமணி நேரம் நடக்கச் சொன்னார்கள். நான்காம் நாள் பட்டறைக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் கழித்துத் தொடைக்குள் கம்பி இழுப்பது மாதிரி இருந்தது, பத்து நாளில் போய்விட்டது.

கரூர் டிரைவர்:
எல்லாருக்கும் அப்படி அமையாது சார். நான் லாரி ஓட்டுகிறவன். ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு காலுக்கும் ஒரே நாளில் செய்தார்கள். என்னைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் ஸ்கேன் பார்த்தார்கள், சாயங்காலமே தேதி கொடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை சூடு போட்டதில் கெண்டைக்கால் உள்பக்கம் இன்னும் மரத்துக் கிடக்கிறது. கொசு கடித்தால் தெரியாது. இரண்டே வருடத்தில் வலது காலில் முடிச்சு திரும்ப வந்துவிட்டது. வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மாமா சொல்வதுதான் சரி. உருவி எடுத்தால் திரும்ப வர அங்கே எதுவும் இருக்காது.

தியேட்டர் சிஸ்டர்:
அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரில் 27 வருடம் இருந்தவள். முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன், டிரைவர் அண்ணனின் பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. சுருண்டு புடைத்திருப்பதை நாம் எல்லோரும் நரம்பு என்கிறோம். அது சிரை, ரத்தம் மேலே போகிற குழாய். உள்ளே இருக்கிற வால்வு கெட்டதும் ரத்தம் கீழே திரும்பி ஓடி, தேங்கி, குழாயை வீங்கவைக்கிறது. அண்ணனுக்கு மரத்துப்போனது நிஜமான நரம்பு. முழங்காலுக்குக் கீழே அந்தச் சிரையை ஒட்டியே உணர்ச்சி நரம்பு இறங்குகிறது. சூடு அங்கே வரை போனால் அதுவும் வேகும். ஆனால் உருவும் ஆபரேஷனிலும் அதே நரம்புதான் அறுபடும். கணுக்கால் வரை உருவுவதை விட்டு முழங்காலோடு நிறுத்த ஆரம்பித்ததே அதனால்தான்.

உருவுவது எப்படி என்று மாமாவுக்குச் சொல்லுங்கள். தொடையிடுக்கில் வெட்டி, சிரை ஆழச்சிரையோடு (தசைக்கு நடுவே ஓடும் பெரிய சிரை) சேரும் இடத்தைக் கட்டுவார்கள். உள்ளே நீளக் கம்பி விட்டு, அதன் நுனியில் சிரையைக் கட்டி, ஒரே இழுப்பாக இழுப்பார்கள். 1907இல் பாப்காக் என்பவர் எழுதிய முறையிலிருந்து வந்தது. இழுத்த உடனே நாங்கள் இரண்டு பேர் தொடையை அழுத்திப் பிடித்துக்கொள்வோம், கிளைகள் எல்லாம் பிய்ந்து உள்ளே ரத்தம் கசியும். மறுநாள் கட்டைப் பிரித்தால் தொடை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். அந்தப் பெண்கள் கழிப்பறைக்கு எழுந்துபோகப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

பலன் என்று பார்த்தால் மாமா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. டென்மார்க்கில் 500 பேரைப் பிரித்து லேசர், ரேடியோ அலையால் சூடு வைப்பது, நுரை ஊசி (நுரையான மருந்தை ஏற்றிச் சிரையை அடைப்பது), உருவுதல் நான்கையும் ஒப்பிட்டார்கள். 3 வருடம் கழித்துப் பார்த்தபோது லேசர், ரேடியோ அலை, உருவுதல் மூன்றிலும் முடிச்சு திரும்ப வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. நுரை ஊசியில்தான் அடைத்த சிரை அதிகம் திறந்துகொண்டது. "உருவினால் திரும்ப வராது" என்பதும் தப்பு. தொடையிடுக்கில் கட்டின இடத்தைச் சுற்றிப் புதுசாகச் சின்னக் குழாய்கள் முளைக்கும்.

கரூர் டிரைவர்:
சிஸ்டர், மூன்றும் ஒன்று என்றால் கடன் வாங்கி லேசர் எதற்கு? நீங்களே என் பக்கம்தானே பேசுகிறீர்கள்?

தியேட்டர் சிஸ்டர்:
இல்லை அண்ணா. நாலைந்து வருடம் கழித்துக் கிடைக்கும் பலன் ஒன்று, முதல் மாதம் படும் கஷ்டம் வேறு. தினக்கூலிக்கும் கடைக்கும் போகிறவர்களுக்கு அந்த ஒரு மாதம் பெரிசு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல் எழுதும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில் சூட்டு முறைக்கு முதலிடம், அது ஒத்துவராவிட்டால் நுரை, அதுவும் ஆகாவிட்டால்தான் ஆபரேஷன். எனக்கும் அந்த வரிசைதான் சரி என்று படுகிறது. ஆனால் காசில்லாதவர் உருவிக்கொண்டால் மட்டமான வைத்தியம் செய்துகொண்டார் என்று யாரும் சொல்லக்கூடாது.

உங்களுக்கு நடந்தது அவசரத்தால் வந்தது. வால்வு கசிவை நோயாளியை நிற்கவைத்துத்தான் பார்க்கவேண்டும். கெண்டைக்காலைப் பிழிந்து விட்டதும் ரத்தம் அரை நொடிக்கு மேல் கீழே திரும்பினால் கசிவு. படுக்கவைத்து ஐந்து நிமிடத்தில் இரண்டு காலையும் எப்படிக் கணக்கிட்டார்கள்?

பெயரன் தாத்தா:
ஒரு சந்தேகம் அம்மா. பைபாஸுக்குக் காலிலிருந்துதானே சிரை எடுக்கிறார்கள்? இப்போதே அதைச் சுட்டுவிட்டால் நாளைக்கு இதயத்துக்கு எங்கே போவது?

தியேட்டர் சிஸ்டர்:
நல்ல கேள்வி ஐயா. கயிறு மாதிரி வீங்கி முறுக்கின சிரையை இதய டாக்டர் தொடமாட்டார். அடுத்த காலில் நல்ல சிரை இருக்கும், மார்புக்குள்ளும் கையிலும் தமனி இருக்கிறது. ஆனால் கசிவே இல்லாத சிரையை "எதற்கும் இருக்கட்டும்" என்று சுட்டால் அது தப்பு. அதனால்தான் ஸ்கேன், ஸ்கேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

லேத் பட்டறை:
எனக்கு லேசருக்குப் பதில் ரேடியோ அலையும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதானா?

தியேட்டர் சிஸ்டர்:
வேலை ஒன்றுதான். ரேடியோ அலை ஒயரின் நுனியில் 7 செ.மீ. நீளத்துக்கு 120 டிகிரி சூடு, 20 நொடி. அப்புறம் இழுத்து அடுத்த 7 செ.மீ. லேசரில் மெதுவாக இழுத்துக்கொண்டே வருவார்கள். நீங்கள் சொன்ன உப்புநீர் மரப்புக்கு மட்டும் போடுவதில்லை. சிரையை நெருக்கி ஒயரோடு ஒட்டவைக்கும், தோலும் பக்கத்து நரம்பும் வேகாமல் காக்கும். அந்த நீர் ஊசியில் கஞ்சத்தனம் செய்கிற இடத்தில்தான் தோல் பொசுங்கும். ஆழச்சிரைப் பக்கம் ரத்தக்கட்டி நீளுவதும் நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கும். அதனால் ஒரு வாரத்தில் திரும்ப ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள், தவறவிடாதீர்கள்.

தம்பி, அக்காவுக்குத் தோல் கறுத்துவிட்டது, ரத்தமும் வந்துவிட்டது. அடுத்தது புண். பிரிட்டனில் 450 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் வந்தது. புண் வந்தவர்களுக்குக் கட்டுப் போடுவதோடு சீக்கிரமே சிரையையும் அடைத்தபோது பாதிப்பேருக்கு 56 நாளில் ஆறியது, தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது. எந்த முறை என்று சண்டை போட்டு ஆறு மாதம் ஓட்டிவிடாதீர்கள். திரும்ப ரத்தம் வந்தால் அக்காவைப் படுக்கவைத்து, காலைச் சுவரில் உயர்த்தி, துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மேலே கயிறு கட்டவேண்டாம். நிற்காவிட்டால் உடனே மருத்துவமனை.

கரூர் டிரைவர்:
சிஸ்டர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். லேசர் விலை இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை. தம்பி, எங்கே செய்தாலும் முழங்காலுக்குக் கீழே எவ்வளவு தூரம் போவீர்கள், எதற்காக என்று கேளுங்கள். என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

புடவைப்பிரிவு தம்பி:
எல்லோருக்கும் நன்றி. ஸ்கேன் தாளை எடுத்துப் பார்த்தேன், நின்றா படுத்தா என்று அதில் இல்லை. செவ்வாய்க்கிழமை அரசு மருத்துவமனையில் ரத்தநாளப் பிரிவுக்குப் போகிறோம். நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லி, சூட்டு முறை அங்கேயே உண்டா என்றும் கேட்கிறேன். மாமாவும் வருகிறார். கத்தரிக்காய் நிறம் என்று படித்துக்காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். டிரைவர் அண்ணன் கேள்வியைத் தாளில் எழுதி அக்கா பையில் வைத்துவிட்டேன்.