ஸ்கேன்ல தெரிஞ்சிருச்சு, ஏன் இன்னும் ஆபரேஷன் பண்ணலை?

குடும்பக் குழு, செவ்வாய் இரவு

பிரகாஷ்: சுந்தரம் மாமா, பிள்ளை குடிச்ச பாலையெல்லாம் கக்குறானே, அதுக்கு எடுத்த ஸ்கேன் வந்துருச்சு. பைலோரஸ், அதாவது இரைப்பையிலிருந்து குடலுக்குப் போற வாசல், அதோட தசை தடிப்பு 4.6 மி.மீ., நீளம் 19 மி.மீ.னு போட்டிருக்கு. ஆனா ஆபரேஷன் நாளைக்கோ மறுநாளோங்கறாங்க. பிள்ளை பசியில கத்துறான். வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடவா?

மீனா அத்தை: 36 நாள் பிள்ளைக்குக் கத்தியா! உரம் விழுந்திருக்கும்டா. புடவையில போட்டு உருட்டினா நின்னுடும். தொக்கம் எடுக்கிற பாட்டிகூட நம்ம தெருவுலயே இருக்கு.

சுந்தரம் மாமா: மீனா, அது மட்டும் வேண்டாம்மா. வயித்துல பால் தேங்கி நிக்குது. உருட்டினாலோ தொண்டையில விரல் விட்டாலோ அது மேலே வந்து நுரையீரலுக்குள்ள போயிடும்.

சுந்தரம் மாமா: பிரகாஷ், தசை 3 மி.மீ.க்கு மேல, நீளம் 15 மி.மீ.க்கு மேல இருந்தா பைலோரிக் ஸ்டெனோசிஸ்தான், அந்த வாசல் தசை தடிச்சு அடைச்சுக்கிறது. இதுல சந்தேகமே இல்ல. அங்கேயே இரு. ரத்த ரிப்போர்ட்டைப் போடு.

பிரகாஷ்: குளோரைடு 86, பைகார்பனேட் 34, பொட்டாசியம் 3.1, சோடியம் 133. எடை 3.2 கிலோ. போன வாரம் 3.5 இருந்தான்.

ஹேமா அக்கா: இதுக்குத்தான் தள்ளிப் போட்டிருக்காங்க. இந்த ரிப்போர்ட்டோட நான் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன்.

பிரகாஷ்: ஏன்க்கா?

ஹேமா அக்கா: கக்கிக் கக்கி வயித்து அமிலம் எல்லாம் வெளியே போயிருச்சு, அதோட குளோரைடும் போச்சு. ரத்தம் காரத்தன்மை ஆயிடுது, அதைத்தான் பைகார்பனேட் 34னு காட்டுது. அதைச் சரிக்கட்ட உடம்பு மூச்சைக் குறைச்சு கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சு வெச்சிருக்கும். அதுக்கு மேல மயக்க மருந்தும் சேர்ந்தா, ஆபரேஷன் முடிஞ்சு வார்டுல படுத்திருக்கும்போது மூச்சு நின்னுடலாம். தசையை நாளைக்குக் கீறினாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. ரத்தத்துல இந்த உப்பெல்லாம் சரியில்லாம கீறினாதான் வம்பு.

சுந்தரம் மாமா: இது மருத்துவ அவசரம், அறுவை அவசரம் இல்லன்னு எங்க பசங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவோம். என்ன டிரிப் ஓடுது பாரு.

பிரகாஷ்: முதல்ல நார்மல் சலைன் 64 மில்லி போட்டாங்க. இப்போ டெக்ஸ்ட்ரோஸ் கலந்தது, மணிக்கு 20 மில்லி.

சுந்தரம் மாமா: கணக்கு கரெக்ட். கிலோவுக்கு 20 மில்லி, 3.2 கிலோவுக்கு 64. அப்புறம் ஒரு நாளைக்கு கிலோவுக்கு 100 மில்லிங்கிற வழக்கமான அளவை ஒன்றரை மடங்காக்கினா 480, அதான் மணிக்கு 20. சர்க்கரை இறங்கிடக் கூடாதுன்னு டெக்ஸ்ட்ரோஸ். ரிங்கர் லாக்டேட்ங்கிற இன்னொரு டிரிப்பைப் போடலையேன்னு கேட்காதே, அந்த லாக்டேட் ஈரலுக்குப் போய் பைகார்பனேட்டா மாறும். நமக்கு அதுதான் ஏற்கனவே மிஞ்சிக் கிடக்கு. வேண்டியது குளோரைடு.

செல்வி சித்தி: ஒண்ணுக்குப் போனானாடா?

பிரகாஷ்: சாயங்காலத்துலேருந்து ஒரு தடவை, கொஞ்சூண்டு.

செல்வி சித்தி: டயப்பரைத் தூக்கிப் போடாதே, சிஸ்டர்கிட்ட கொடு. எடை போடுவாங்க, 1 கிராம் கூடினா 1 மில்லி. மணிக்கு 3 மில்லிக்குக் குறையாம போகணும். ஒண்ணுக்கு நல்லா போன பிறகுதான் பாட்டில்ல பொட்டாசியம் சேர்ப்பாங்க, 500 மில்லிக்கு 10 மில்லிஈக்விவலன்ட் (mEq, இது மில்லிலிட்டர் இல்ல). அதுக்கு முன்னாடி சேர்த்தா இதயத்துடிப்புக்கு ஆபத்து. "இன்னும் போடலையா"ன்னு அவங்களை அவசரப்படுத்தாதே.

மீனா அத்தை: பசிக்குக் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணியாவது, கிரைப் வாட்டராவது?

செல்வி சித்தி: ஒரு சொட்டும் கூடாது அண்ணி. வாய்க்குள்ள போறது எல்லாம் திரும்பி வரும், அதோட இன்னும் கொஞ்சம் குளோரைடும் போகும். பிரகாஷ், ரேகாவை 3 மணி நேரத்துக்கு ஒருக்கா பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்லு. விட்டா பால் வத்திடும், நாளன்னைக்குத் தேவைப்படும்.

பிரகாஷ்: மாமா, முதல்ல பார்த்த டாக்டர் வயித்தை ரொம்ப நேரம் தடவிட்டே இருந்தார். அது எதுக்கு?

சுந்தரம் மாமா: தடிச்ச தசை கட்டியா கையில தட்டுப்படுதான்னுதான். புத்தகத்துல அதை ஆலிவ்னு போட்டிருக்கும், நீ கொட்டைப்பாக்குன்னு வெச்சுக்கோ. பிள்ளையோட இடது பக்கம் நின்னு, முட்டியை மடக்கி வெச்சு, கக்கி முடிச்ச கையோட ஈரலுக்குக் கீழே, நடுவுக்குச் சற்று வலப்பக்கமா விரலை விட்டா உருளும். அழுதுட்டிருந்தா கிடைக்காது. இப்போ ஸ்கேன் இருக்கிறதால யாருக்கும் அந்தப் பொறுமை இல்ல.

சுந்தரம் மாமா: இன்னொண்ணு. வாந்தி வெள்ளையாத்தானே இருக்கு? பச்சையா வரலையே?

பிரகாஷ்: தயிர் மாதிரி வெள்ளைதான். சுவர் வரைக்கும் பீச்சுது.

சுந்தரம் மாமா: சரி. எல்லாரும் மனசுல வெச்சுக்கோங்க, கைக்குழந்தை பச்சையா கக்கினா கதையே வேற. குடல் முறுக்கியிருக்கலாம். அதுல மணிக்கணக்குகூட முக்கியம், நடுராத்திரின்னாலும் கிளம்பணும். இதுல அடைப்பு பித்தநீர் சேர்ற இடத்துக்கு முன்னாடியே இருக்கு, அதான் பச்சை வராது.

புதன் இரவு

பிரகாஷ்: குளோரைடு 102, பைகார்பனேட் 27, பொட்டாசியம் 4. நாளைக்குக் காலைல முதல் கேஸ்னு போட்டிருக்காங்க.

ஹேமா அக்கா: அருமை. குளோரைடு 100 தாண்டணும், பைகார்பனேட் 30க்குக் கீழே வரணும், ரெண்டும் ஆச்சு. மயக்கம் கொடுக்கிறதுக்கு முன்னாடி வயித்துல டியூப் விட்டு, பிள்ளையை மல்லாக்க, இடது, வலதுன்னு திருப்பித் திருப்பி உறிஞ்சுவாங்க. ஏற்கனவே டியூப் இருந்தாலும் திரும்ப உறிஞ்சணும். தேங்கின பால் கட்டி சின்ன டியூப்ல வராது.

மீனா அத்தை: வயித்தை அறுத்து அந்தக் கட்டியை எடுத்துடுவாங்களா தம்பி?

சுந்தரம் மாமா: எதையும் எடுக்கிறதில்ல மீனா. தடிச்ச தசையை நீளவாக்குல கீறி, இடுக்கியால விரிச்சு விடுறோம். உள்தோல் பிதுங்கி வெளியே எட்டிப் பார்க்கும், அதைத் தொடக் கூடாது. தைக்கிறதும் இல்ல. ஜெர்மனியில ராம்ஸ்டெட் 1911-ல முதல் கேஸ்ல தைக்கப் பார்த்தார், தையல் நிக்கலை. அடுத்த கேஸ்ல தைக்காமலே விட்டார், நல்லா ஆச்சு. இன்னைக்கு லேப்ராஸ்கோப்ல செஞ்சாலும் அதே கீறல்தான்.

சுந்தரம் மாமா: தப்பு நடக்கிறது ரெண்டு முனையிலதான். சிறுகுடல் பக்கம் ஒரு மயிரிழை கூடப் போனா உள்தோல் ஓட்டையாகும். அதான் முடிக்கிறதுக்கு முன்னாடி டியூப் வழியா காத்து ஏத்தி, குமிழி வருதான்னு பார்க்கிறோம். இரைப்பை பக்கம் கீறல் பத்தலைன்னா அடைப்பு மிச்சமிருக்கும்.

வியாழன் மாலை

பிரகாஷ்: காலைல முடிஞ்சது. 5 மணி நேரம் கழிச்சு 30 மில்லி பால் கொடுத்தாங்க. பாதியைக் கக்கிட்டான் 😟 ஆபரேஷன் சரியா ஆகலையா?

செல்வி சித்தி: பீச்சி அடிச்சானா, வழிஞ்சுதா?

பிரகாஷ்: வழிஞ்சுது.

செல்வி சித்தி: இரைப்பை இத்தனை நாள் அடைப்போட முட்டி வீங்கிக் கிடக்கு. ஒரு நாள், ரெண்டு நாள் இப்படித்தான் இருக்கும். நிறுத்தாதே, அடுத்த வேளைக்கும் கொடு, நடுவுல தோள்ல போட்டு ஏப்பம் விட வை.

சுந்தரம் மாமா: ஒரு வாரம் தாண்டியும் முன்ன மாதிரி பீச்சினாதான் யோசிக்கணும். அதுவரைக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்காதே. தசை தடிப்பு வடிய வாரக்கணக்கு ஆகும், ரிப்போர்ட்டைப் பார்த்து நீ வீணா பயப்படுவே. ஆனா காய்ச்சல், வயிறு உப்பல், ஓயாத அழுகை, இதுல எது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடு.

ஹேமா அக்கா: கால்ல மாட்டியிருக்கிற ஆக்சிஜன் மானிட்டரை நாளைக்குக் காலை வரைக்கும் கழட்டாதீங்க. அலாரம் சும்மா சும்மா அடிக்குதுன்னு யாராவது நிறுத்தி வெச்சிடப் போறாங்க, பார்த்துக்கோ.