கருவாடு பாக்கெட்டுக்கு பார்கோடு லேபிள்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பாம்பனில் நெத்திலி, வாளைக் கருவாடு பாக்கெட் போட்டு விற்கிறோம். இப்போது மதுரை சூப்பர் மார்க்கெட் ஒன்று பார்கோடு கேட்கிறது. 890-இல் தொடங்கும் 13 இலக்க எண்ணை பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவில் பதிந்து வாங்க வேண்டும், சரி. எங்கள் குடோன் கணக்குக்கு மட்டும் என்றால் கோடு 128 (Code 128) என்ற பார்கோடு வகையே போதும், அதுவும் புரிந்தது.

சிக்கல் லேபிளில்தான். மை ரிப்பன் இல்லாமல், சூட்டில் காகிதத்தையே கருக்க வைக்கும் தெர்மல் பிரிண்டரில் அடித்தோம். 10 நாள் வெயிலில் கோடுகள் மங்கி, ஸ்கேனர் படிக்கவே இல்லை. கருவாட்டு எண்ணெய் வேறு. உப்புக் காற்றில் இரும்புக் கேட்டே நிற்காத ஊர் இது!

ரிப்பன் போடும் பிரிண்டர் வாங்கலாமா, வெளியில் அடித்து வாங்கலாமா? மாதம் 2000 லேபிள்தான். காகிதமா, பிளாஸ்டிக் லேபிளா? மெழுகு ரிப்பன் தாங்குமா, ரெசின் (பிசின்) ரிப்பன்தான் வேண்டுமா? ராமநாதபுரம், கீழக்கரை பக்கம் யாராவது அடித்துத் தருகிறார்களா?