பாலே வகுப்புக்கு ஏன் லியோடார்ட்? டூட்டூ ஏன் கூடாது?

கயல்_டொராண்டோ

என் மகளுக்கு ஏழு வயது. இந்தச் செப்டம்பரில் பாலே வகுப்பில் சேர்த்தோம். டூட்டூ, அதாவது பாலே ஆடுபவர்கள் போடும் விரிந்த பாவாடை, போட்டுக்கொண்டு சுற்றலாம் என்ற ஆசையில்தான் சேர்ந்தாள். ஆனால் வகுப்பிலிருந்து வந்த தாளில் கறுப்பு லியோடார்ட் (உடம்பை ஒட்டிய ஒற்றை உடை), இளஞ்சிவப்பு டைட்ஸ் (காலை ஒட்டிய உடை), பாவாடை வேண்டாம் என்று இருந்தது. முதல் நாள் ஒரே அழுகை. அவளுக்குக் காரணம் சொல்லலாம் என்று தேடப் போனால், லியோடார்ட் என்பது ஒரு ஆளின் பெயராம், அதுவும் சர்க்கஸில் பார் விளையாடிய ஆண். ஓர் ஆண் சர்க்கஸில் போட்ட உடை எப்படி பாலே பழகும் பெண்பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது? இது பயிற்சிக்கு மட்டும்தானா, மேடையிலும் இதைப் போட்டு ஆடியிருக்கிறார்களா? இன்னொன்று, எண்பதுகளில் இதைச் சாதாரண உடையாகவே போட்டார்கள் என்று என் அக்கா சொல்கிறாள், அது உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், அவளுக்குக் கதையாகச் சொல்ல வேண்டும்.

மேடைப்பக்கம்

கதையாகச் சொல்லத் தகுந்த விஷயம்தான், துலூஸிலிருந்து தொடங்குங்கள். பிரான்சின் தெற்கே உள்ள அந்த ஊரில், நீங்கள் சொன்ன அந்த சர்க்கஸ்காரர் ழூல் லெயோத்தாரின் அப்பா ஓர் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார், அதோடு ஒரு நீச்சல் குளமும் இருந்தது. பையன் அந்தக் குளத்துக்கு மேலே கட்டைகளைத் தொங்கவிட்டு, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கப் பழகினான், தவறினால் தண்ணீரில் விழலாம் என்ற தைரியம். 1859 நவம்பர் 12 அன்று பாரிஸில் சிர்க் நெப்போலியனில் அதை மக்கள் முன்னால் செய்து காட்டினார். இன்று சர்க்கஸில் நாம் வாய் பிளந்து பார்க்கும் பறக்கும் பார் விளையாட்டு அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கட்டடம் சிர்க் திவேர் என்ற பெயரில் இன்னும் இருக்கிறது.

கைவிட்டுக் கைபிடிக்கும் வேலையில் தொளதொளவென்ற சட்டை எங்காவது மாட்டினால் உயிர் போகும். அதனால் உடம்போடு ஒட்டிய பின்னலாடை போட்டார். உடம்பின் ஒவ்வொரு அசைவும் கூட்டத்துக்குத் தெரிந்தது, அதுவும் அவர் புகழுக்கு ஒரு காரணம். அவர் அதை ‘மையோ’ என்றுதான் சொன்னார். 1870இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். ஆங்கிலத்தில் அந்த உடைக்கு அவர் பெயர் அச்சில் வருவது 1886இல்தான். தன் பெயர் உலகம் முழுக்க ஓர் உடையின் பெயராகப் போவது அவருக்குத் தெரியவே தெரியாது, அதை நினைத்தால் எனக்கு மனசு என்னவோ செய்யும்.

பாலே வகுப்புக்கு வருவோம். உங்கள் மகளிடம் எட்கார் டெகாவின் ஓவியங்களைக் காட்டுங்கள். 1870களில் பாரிஸ் ஆப்பேரா மாணவிகள் பயிற்சி செய்வதை வரைந்திருக்கிறார். எல்லாரும் வெள்ளைப் பாவாடை, இடுப்பில் பெரிய வண்ண நாடா! அதாவது அவள் ஆசைப்பட்ட உடையில்தான் அந்தக் காலத்தில் வகுப்பே நடந்தது. லியோடார்ட் பாலே வகுப்புக்குள் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

மேடைக்கு வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உடம்பை ஒட்டிய உடை அங்கே சும்மா நுழைந்துவிடவில்லை. 1911இல் ரஷ்ய பாலே கலைஞர் நிஜின்ஸ்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரசு மேடையில் ‘ஜிசெல்’ பாலேயை ஆடியபோது டைட்ஸுக்கு மேல் வழக்கமாகப் போடும் அரைக்கால்சட்டையைப் போடவில்லை என்று வேலையையே பறித்தார்கள். நாற்பது வருடம் கழித்து நியூயார்க்கில் நிலைமை தலைகீழ். நடன அமைப்பாளர் பாலன்சீனின் ‘தி ஃபோர் டெம்பரமென்ட்ஸ்’ 1946இல் முதலில் மேடையேறியபோது கர்ட் செலிக்மன் வரைந்த கனமான, விசித்திரமான உடைகள் இருந்தன, ஆட்டமே அதற்குள் மறைந்துபோனது. 1951இல் அதையெல்லாம் கழற்றிவிட்டு வகுப்பில் போடும் லியோடார்டோடும் டைட்ஸோடும் ஆட வைத்தார். அதே வருடம் ‘கான்செர்ட்டோ பரோக்கோ’வுக்கும் அப்படியே செய்தார். 1957இல் வந்த ‘அகோன்’ தொடக்கத்திலிருந்தே பயிற்சி உடைதான்: பெண்களுக்குக் கறுப்பு லியோடார்ட், ஆண்களுக்கு வெள்ளை டி-ஷர்ட், கறுப்பு டைட்ஸ். அதில் ஆர்தர் மிட்செல் என்ற கறுப்பினக் கலைஞரும் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணும் சேர்ந்து ஆடிய இருவர் ஆட்டம், அன்றைய அமெரிக்காவில் சின்ன விஷயம் இல்லை. கதையும் இல்லை, வேஷமும் இல்லை, இரண்டு உடம்புகள் மட்டும். அதனால் உங்கள் மகளிடம், இது டூட்டூ கிடைக்கும்வரை போடும் உடை இல்லை, இதுவே மேடை உடைதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

திருப்பூர்க்காரன்

மேலே சொன்னதெல்லாம் அருமை, ஆனால் துணியை விட்டுவிட்டால் பாதிக் கதைதான். நான் இருபது வருடமாகப் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். லெயோத்தார் காலத்தில் லைக்ரா ஏது? கம்பளி, பருத்தி, பட்டு நூலில் பின்னிய துணிதான், நாம் பனியன் துணி என்கிறோமே அந்த மாதிரி. நெய்த துணியை இழுத்தால் கிழியும், பின்னிய துணியில் கண்ணிகள் இருப்பதால் இழுத்தால் வரும். ஆனால் வந்தது முழுதாகத் திரும்பப் போகாது, அதுதான் சிக்கல். எங்கள் தொழிலில் இதை ரெக்கவரி என்போம். நாலு தடவை உட்கார்ந்து எழுந்தால் முட்டியில் தொங்கிவிடும். அந்தக் கால ஆட்டக்காரர்கள் டைட்ஸ் இடுப்பில் ஒரு நாணயத்தை வைத்துச் சுருட்டி இறுக்கிக் கட்டுவார்களாம், சுருக்கம் விழாமல் இருக்க.

1958இல் டுபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் என்பவர் ஸ்பான்டெக்ஸ் நூலைக் கண்டுபிடித்தார், லைக்ரா என்பது அதன் வியாபாரப் பெயர். இழுத்தால் பல மடங்கு நீளும், விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். இன்றைக்கு வரும் லியோடார்ட் பெரும்பாலும் நைலானோடு பத்து இருபது சதவீதம் இந்த நூல் சேர்ந்தது, நாலு பக்கமும் இழுபடும். வாங்கும்போது துணியை நன்றாக இழுத்துவிட்டுப் பாருங்கள், உடனே சுருங்க வேண்டும். தையலையும் இழுத்துப் பாருங்கள், சாதாரணத் தையல் போட்டிருந்தால் துணி நீளும், நூல் அறுந்துவிடும். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் போட்டதுதான் தாங்கும். வெந்நீரில் துவைக்காதீர்கள், ட்ரையரில் போடவே போடாதீர்கள், சூடு பட்டால் லைக்ரா செத்துவிடும்.

பழைய_அலமாரி

அக்கா சொன்னது உண்மை, ஆனால் எண்பதுகளுக்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. 1943இல், போர்க்காலத்தில், அமெரிக்காவில் மில்ட்ரெட் ஆரிக், கிளேர் மக்கார்டெல் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் கல்லூரிப் பெண்களுக்காக, கம்பளி ஜெர்சி லியோடார்டை உள்ளே போட்டு மேலே கையில்லாத கவுன் போடும் யோசனையைக் கொண்டுவந்தார்கள். எழுபதுகளில் டான்ஸ்கின் நிறுவனம், இது ஆட்டத்துக்கு மட்டும் இல்லை என்று விளம்பரமே செய்தது. பெண்கள் அதன் மேல் ஒரு சுற்றுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு டிஸ்கோவுக்குப் போனார்கள். அப்புறம் 1982இல் ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ, அதோடு வீட்டுக்கு வீடு. 1985இல் வடிவமைப்பாளர் டோனா கரன் தன் முதல் தொகுப்புக்கே லியோடார்ட் மாதிரியான பாடிசூட்டைத்தான் அடிப்படையாக வைத்தார், மேலே பாவாடை, கோட் எது போட்டாலும் சட்டை வெளியே பிதுங்காது என்பதற்காக. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்படிப் போட்டவர்களைக் கேளுங்கள். கீழே அழுத்துப் பொத்தான் வைத்த பாடிசூட் இப்போதும் கடைகளில் இருக்கிறது.

சிங்கை_ஆசிரியை

நான் பதினான்கு வருடமாகக் குழந்தைகளுக்கு பாலே சொல்லிக்கொடுக்கிறேன். பாவாடை வேண்டாம் என்பது கண்டிப்புக்காக இல்லை. இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறதா, முட்டி பின்னால் தள்ளியிருக்கிறதா, கால் தொடையிலிருந்து திரும்புகிறதா, வெறும் பாதத்திலிருந்தா, இதெல்லாம் பாவாடைக்குள் போய்விட்டால் எனக்குத் தெரியாது. தப்பாகவே பழகிவிட்டால் பிறகு முட்டியும் இடுப்பும்தான் அனுபவிக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது நம் பிள்ளைகளைப் பற்றியது. அந்த இளஞ்சிவப்பு டைட்ஸ் வெள்ளைத் தோலை மனதில் வைத்து வந்தது, ஷூவும் அதே நிறம், இடுப்பிலிருந்து விரல்வரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்று. நம் நிறத்தில் அது நேர்மாறாகத்தான் வேலை செய்யும், கை ஒரு நிறம், கால் ஒரு நிறம். மேலே சொன்ன ஆர்தர் மிட்செல் 1969இல் கரேல் ஷூக்கோடு சேர்ந்து டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் என்ற பாலே குழுவைத் தொடங்கினார். எழுபதுகளிலேயே அங்கே அவரவர் தோல் நிறத்துக்கு டைட்ஸும் ஷூவும் சாயம் ஏற்றிப் போட்டார்கள். ஆனால் லண்டன் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறங்களில் பாயின்ட் ஷூவை (விரல் நுனியில் நின்று ஆடும் ஷூ) கடைக்குக் கொண்டுவந்தது 2018இல்தான். அதுவரை பலர் முகத்துக்குப் போடும் ஃபவுண்டேஷனை ஷூவின் மேல் பூசிக்கொண்டிருந்தார்கள். கயல், தோல் நிற டைட்ஸ் போடலாமா என்று வகுப்பில் ஒரு வார்த்தை கேளுங்கள், இப்போது நிறைய இடங்களில் அனுமதிக்கிறார்கள்.

கயல்_டொராண்டோ

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டைட்ஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே மின்னஞ்சல் அனுப்புகிறேன். ராத்திரி டெகா படங்களைக் காட்டினேன். குளத்துக்கு மேலே தொங்கிய பையன் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பாவாடை போனது பரவாயில்லையாம், ஆனால் இடுப்பில் அந்த நாடா மட்டும் வேண்டுமாம், நீல நிறத்தில். சிங்கை ஆசிரியை, நாடா கட்டினால் இடுப்பு தெரியும் இல்லையா?

சிங்கை_ஆசிரியை

நாடா கட்டினால் இன்னும் நன்றாகவே தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு நானே ஒரு எலாஸ்டிக் பட்டையைக் கட்டச் சொல்வேன், இடுப்பு சாய்ந்தால் பட்டையும் சாயும். முடிச்சு மட்டும் பக்கவாட்டில் இருக்கட்டும், தொங்கும் முனை வேண்டாம்.