கலைச்சொல் வேண்டும்: அரசியலமைப்பைத் திருத்தக் கூட்டும் ‘கன்வென்ஷன்’

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

கேரளத்துப் பிளஸ் ஒன் தமிழ்வழி அரசியல் அறிவியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அரசியலமைப்புத் திருத்தம் பற்றிய பகுதியில் அமெரிக்க முறைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு சொல் கிடைக்காமல் அந்தப் பக்கம் நிற்கிறது.

விஷயம் இது. அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் உறுப்பு, திருத்தத்தை முன்மொழிய இரண்டு வழி தருகிறது. ஒன்று, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு முன்மொழிவது. இதுவரை வந்த 27 திருத்தங்களும் இந்த வழியில் வந்தவையே. மற்றது, மாநிலச் சட்டமன்றங்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 50இல் 34, கோரினால் காங்கிரஸ் ஒரு ‘கன்வென்ஷனை’ கூட்டியாக வேண்டும். அது திருத்தங்களை முன்மொழியும். எந்த வழியில் வந்தாலும் நான்கில் மூன்று பங்கு, 38 மாநிலங்கள், ஏற்றால்தான் திருத்தம் செல்லும். இரண்டாம் வழி ஒருமுறைகூட நிறைவேறியதில்லை. நம் அரசியலமைப்பில் திருத்த முறையைச் சொல்லும் 368ஆம் உறுப்பில் இப்படி ஓர் அமைப்பே இல்லாததால் இந்தியச் சட்டத் தமிழிலிருந்து எடுத்துக்கொள்ளவும் வழியில்லை.

கன்வென்ஷன் என்றே விட்டுவிடலாம் என்றால் இங்கே குழப்பம்தான். பிள்ளைகள் அறிந்த கன்வென்ஷன், பம்பை ஆற்று மணலில் கூடும் கிறிஸ்தவக் கூட்டமான மாராமண் கன்வென்ஷனும் தேர்தலுக்கு முன் கட்சிகள் நடத்தும் பூத் கன்வென்ஷனும். அகராதியைப் பார்த்தால் மரபு, உடன்படிக்கை என்று வேறு பொருள்கள் முன்னே வந்து நிற்கின்றன. முதல் வரைவில் ‘அரசியலமைப்பு மரபைக் கூட்டுதல்’ என்றே விழுந்துவிட்டது. சொல் தாருங்கள்.

சத்தியவேட்டிலிருந்து

டீச்சர், வணக்கம். 1946 டிசம்பர் 9இல் கூடியதை அரசியல் நிர்ணய சபை என்றே தமிழ் அறியும். அந்த அச்சிலேயே ‘திருத்த நிர்ணய சபை’ எனலாமே. சபை என்றால் உங்கள் பக்கத்து மலையாளப் பிள்ளைக்கும் புரியும், எங்கள் ஆந்திரப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைக்கும் புரியும். அரசியலமைப்பு என்ற சொல்லிலேயே நாம் மூவரும் பிரிந்து கிடக்கிறோம். அங்கே பரணகடனா, இங்கே ராஜ்யாங்கம். திருத்தம் அங்கே பேதகதி, இங்கே சவரண. ஒரு சொல்லாவது மூவருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

பாறசாலையிலிருந்து

நிர்ணயம் என்றால் முடிவு கட்டுவது. இந்த அமைப்பு எதையும் முடிவு கட்டுவதில்லை, முன்மொழிவதோடு அதன் வேலை தீர்ந்தது. முடிவு 38 மாநிலங்களின் கையில். எனவே ‘நிர்ணய’ பொருளிலேயே பிழை. சபை என்பதற்கு எங்கள் ஊரில் முதற்பொருள் கிறிஸ்தவத் திருச்சபை.

சிலம்பு சொல்லும் அரசவைக் குழுக்களான ஐம்பெருங்குழு, எண்பேராயத்திலிருந்து பேராயத்தை எடுக்கலாம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் அது ஆயரின் (பிஷப்பின்) ஆட்சிப்பகுதிக்கு நிலைத்துவிட்டது. காங்கிரஸையும் பேராயம் என்று எழுதியவர்கள் இருப்பதால் ‘பேராயம் பேராயத்தைக் கூட்டும்’ என்று வாக்கியம் முட்டும். மன்றமும் வேண்டாம். மன்னுதல் நிலைபெறுதல், மன்னன் நிலைபெற்றவன், மன்று நிலையாகக் கூடும் இடம். இதுவோ வேலை முடிந்ததும் கலைவது. மன்றத்தின் இணைச்சொல்லான அம்பலம் மலையாளத்தில் கோயிலாகிவிட்டதும் இந்த நிலைபேற்றால்தான் என்பது என் துணிபு.

என் பரிந்துரை ‘யாப்புத் திருத்த அவை’. யாத்தல் கட்டுதல். எழுத்தும் அசையும் சீரும் தளையும் அடியும் தொடையுமாகக் கட்டுவது யாப்பு. அரசைக் கட்டுவதும் யாப்பு. செய்யுளுக்கு உறுப்பு உண்டு, அரசியலமைப்பின் பகுதிகளையும் நாம் உறுப்பு என்றே எண்ணுகிறோம். ஒரு சீரை மாற்றினால் முன்னும் பின்னும் தளை தட்டுகிறதா என்று பார்க்க வேண்டியிருப்பதுபோல, ஓர் உறுப்பைத் திருத்தினால் மற்ற உறுப்புகளோடு இயைகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூணாற்றிலிருந்து

அண்ணாச்சி, யாப்பு அரசியலமைப்பு என்ற பொருளில் இலங்கைத் தமிழில் வாழும் சொல், எனக்கும் பிடித்ததே. ஆனால் நம் வகுப்பில் யாப்பு என்றால் தமிழ்ப் பாடத்தின் வெண்பாதான் நினைவுக்கு வரும். நாளைக்கு அச்சேறும் தாளில் அதைப் புகுத்த நேரமில்லை. ‘அரசியலமைப்புப் பேரவை’ என்று யாரும் சொல்லிவிடவும் வேண்டாம். இலங்கையில் அது உயர் நியமனங்களுக்கான வேறோர் அமைப்பின் பெயர். நமக்கோ பேரவை என்றால் சட்டப்பேரவை.

அவையில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. இந்த வரியைப் பாருங்கள்: ‘34 மாநிலங்கள் கோரினால் காங்கிரஸ் அவையைக் கூட்டும். அவை முன்மொழியும் திருத்தங்கள் ஏற்புக்கு அனுப்பப்படும்.’ இரண்டாம் வாக்கியத்தில் முன்மொழிவது யார்? கூடிய அவையா, அந்த மாநிலங்களா? சுட்டுப்பெயர் ‘அவை’யும் பெயர்ச்சொல் ‘அவை’யும் எழுத்தில் ஒன்றே. மாநிலங்கள் எழுதிக் கொடுத்த திருத்தத்தை மட்டும்தான் அந்த அமைப்பு எடுக்கலாமா, தானாகவும் ஒன்றை முன்மொழியலாமா என்பதுதான் அங்கே ஓயாத தகராறு. நம் வாக்கியம் சரியாக அந்த இடத்தில் இரண்டுபடுகிறது.

மாநாடு என்று வையுங்கள். அமெரிக்க அரசியலமைப்பை எழுதிய 1787 கூட்டத்துக்குப் பாடநூல்களில் பிலடெல்பியா மாநாடு என்று ஏற்கெனவே இருக்கிறது.

சத்தியவேட்டிலிருந்து

அவையின் சிக்கலை நான் பார்க்கவே இல்லை, நன்றி. தொல்காப்பியம் வாகைத்திணையில் ‘எட்டுவகை நுதலிய அவையம்’ வருகிறதே, அதை எடுத்தால் என்ன? அவையம், அவையத்தை, அவையத்தின் என்று வேற்றுமை ஏற்கும்போது சுட்டுப்பெயரோடு எங்கும் மோதாது.

மாநாடு எனக்கு ஒப்பவில்லை. அது பேசிக் கலையும் கூட்டம். பேராளர்கள் வாக்களித்து, சட்ட வலுவுள்ள முன்மொழிவை எழுதி அனுப்பும் இடத்துக்கு அது போதாது.

இன்னொன்று, விலகல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர்ச் சபை முதல் பராந்தகன் காலத்தில் 919இல் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டியது. இரண்டே ஆண்டில், 921இல், அதே சபை அவ்விதிகளைத் திருத்தி மறுபடி வெட்டியது. கல்வெட்டு அதை ‘வியவஸ்தை’ (ஏற்பாடு) என்கிறது. திருத்துவதற்கென்று தனியாக ஒன்றைக் கூட்டவில்லை, விதி செய்தவர்களே திருத்தினார்கள். நம் 368உம் அந்த வழிதான். திருத்துவது நாடாளுமன்றம். சிலவற்றுக்கு மட்டும் பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களின் ஏற்பு வேண்டும். எல்லையை மாற்றுவதற்கு அதுவும் வேண்டாம். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கமும் சத்தியவேடு இந்த ஆந்திரப் பக்கமும் போனது சாதாரணச் சட்டத்தால். அது 368இன்படி திருத்தமே ஆகாது என்று 4ஆம் உறுப்பு சொல்கிறது.

பாறசாலையிலிருந்து

அவையம் நன்று. யாப்பை இப்போதைக்கு விடுகிறேன். ‘முன்மொழிவு அவையம்’ என்றே இருக்கட்டும். நன்னூலின் ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்ற புணர்ச்சி விதிப்படி ‘முன்மொழிவவையம்’ என்று சேரும், ஆனால் பிள்ளைகள் நாக்குக்காகப் பிரித்தே அச்சிடுங்கள். மாநிலங்கள் கேட்பதை ‘விண்ணப்பம்’ என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள் அம்மா. விண்ணப்பத்தை மறுக்கலாம். 34 சேர்ந்துவிட்டால் காங்கிரஸ் மறுக்க முடியாது. ‘கோரிக்கை’ என்பதே சரி.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அவையத்தோடு போகிறேன். இன்னொரு வசதியும் கிடைத்தது. திருத்தத்தை ஏற்கவும் மாநிலங்களில் தனி அமைப்பைக் கூட்டலாம். ஏற்பது சட்டமன்றமா, அந்தத் தனி அமைப்பா என்று தேர்வது காங்கிரஸ். மதுவிலக்கை நீக்கிய 21ஆம் திருத்தம் 1933இல் அப்படித்தான் ஏற்கப்பட்டது, அந்த ஒன்று மட்டுமே. அதற்கு ‘ஏற்புறுதி அவையம்’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதினால் வேலை வேறு என்பது தெரியும்.

வாக்கியம் இப்படி: ‘மாநிலச் சட்டமன்றங்களில் மூன்றில் இரண்டு பங்கு கோரினால், திருத்தங்களை முன்மொழிய ஒரு முன்மொழிவு அவையத்தைக் காங்கிரஸ் கூட்ட வேண்டும்.’ 1787க்குப் பாடநூலில் உள்ளபடி பிலடெல்பியா மாநாடு. மூன்று பேர் ஒத்துக்கொண்டாயிற்று, மூணாற்றாரும் இசைந்தால் முடிக்கிறேன்.

மூணாற்றிலிருந்து

அவையத்துக்கு இசைவு. 1787க்கு வேறு சொல் வைப்பதற்கு இசைவில்லை.

பிலடெல்பியாவில் கூடிய 55 பேராளர்களும் பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்தத்தான் அனுப்பப்பட்டார்கள். அந்த விதிகளை மாற்ற 13 மாநிலங்களும் ஒருசேர இசைய வேண்டும். ரோட் ஐலண்டு ஆளே அனுப்பவில்லை. கூடியவர்களோ திருத்தத்தை விட்டுப் புது அரசியலமைப்பையே எழுதி, ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் போதும் என்றும் அதிலேயே எழுதிவிட்டார்கள். 39 பேர் கையெழுத்திட்டார்கள். இன்று இரண்டாம் வழி வேண்டாம் என்பவர்களின் அச்சம் முழுவதும் இதிலிருந்து வருகிறது: மறுபடி ஒன்றைக் கூட்டினால் அதுவும் எல்லை மீறும். வேண்டும் என்பவர்கள், 38 மாநிலம் ஏற்காமல் எதுவும் செல்லாது, பிறகென்ன அச்சம் என்கிறார்கள். வரவுசெலவைச் சமன் செய்யும் திருத்தத்துக்காக 1983க்குள் 32 மாநிலங்கள் கோரிவிட்டன, அப்போது இரண்டே குறை. பிறகு சில மாநிலங்கள் கோரிக்கையைத் திரும்பப் பெற்றன. திரும்பப் பெறலாமா, வெவ்வேறு பொருளில் வந்த கோரிக்கைகளைச் சேர்த்து எண்ணலாமா, உள்ளே மாநிலத்துக்கு ஒரு வாக்கா மக்கள்தொகைப்படியா, ஐந்தாம் உறுப்பில் எதற்கும் விடை இல்லை.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால்தான் அந்த அச்சம் அவர்கள் காதில் உடனே விழுகிறது. நாம் 1787க்கு மாநாடு, இதற்கு அவையம் என்று பிரித்தால், இரண்டும் வேறு வகை, பழையது மறுபடி நடக்காது என்று ஒரு தரப்புக்கு நாமே தீர்ப்பு எழுதியதாகும். பிள்ளைகளிடம் கேசவானந்த பாரதி வழக்கைக் கேட்டால் சொல்வார்கள், காசர்கோட்டு எடநீர் மடத்தார் தொடுத்தது, 1973, 13 நீதிபதிகள், 7க்கு 6. திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்ற கேள்வி அவர்களுக்குப் புதிதில்லை. அமெரிக்கப் பக்கத்தில் அதே கேள்வி ஒரு சொல்லுக்குள் மறைந்துபோக வேண்டாம். 1787க்கும் ‘பிலடெல்பியா அவையம்’ என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் மாநாடு என்று தாருங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

வாதம் சரி. ஆனால் தேர்வில் பிலடெல்பியா மாநாடு என்று கேட்டால் அவையம் படித்த பிள்ளை திகைக்கும். மாநாட்டை மேலே வைத்து, ‘இதுவும் ஓர் அவையமே’ என்று அடிக்குறிப்பு சேர்க்கிறேன். இடம் இரண்டு வரிதான் இருக்கிறது.

மூணாற்றிலிருந்து

அடிக்குறிப்பைப் பிள்ளைகள் படிப்பதில்லை டீச்சர். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.