புதுப்பிப்பு: வாளிக்கு அடியில் வளர்ந்த ருபார்ப்

ஜனவரியில், இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் யார்க்‌ஷர் வீட்டுத் தோட்டத்து ருபார்ப் செடி (புளிப்பான தண்டைச் சமைத்துச் சாப்பிடுவோம்) மேல், தண்டு இளசாக வளர வாளியைக் கவிழ்த்து வைத்ததாக எழுதியிருந்தேன். 'வெளிச்சமே இல்லாமல் வளருமா?' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நன்றாகவே வளர்ந்துவிட்டது. நேற்றுதான் முதல் பறிப்பு.

ரகம் டிம்பர்லி எர்லி. தண்டெல்லாம் பளபளவென்று இளஞ்சிவப்பு, நுனியில் சுருண்டு மடிந்த வெளிர்மஞ்சள் இலை. இருட்டில் செடி வெளிச்சத்தைத் தேடி, வேர்க்கிழங்கில் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் தண்டை நீட்டவே செலவழிக்கிறது. அதனால்தான் நார் இல்லாமல் அவ்வளவு இளசு. இங்கே வேக்ஃபீல்ட் பக்கம் இதைப் பெரிய இருட்டுக் கொட்டகைகளில் வளர்த்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பறிக்கிறார்கள்.

பறிக்கக் கத்தி வேண்டாம். அடியில் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் கழன்று வரும். இலையைச் சாப்பிடவே கூடாது, ஆக்சாலிக் அமிலம் அதிகம். அப்புறம், இப்படி மூடி வளர்த்த செடி களைத்துப்போயிருக்கும். அடுத்த வருடம் அதை விட்டுவிட்டு வேறு செடியை மூடுங்கள்.

பாதியை ஆரஞ்சுச் சாறு, சர்க்கரை, இஞ்சி சேர்த்து ஓவனில் வைத்தேன். துண்டுகள் குழையவில்லை, சாறு ரோஜா நிறம். மீதியில் வெல்லமும் மிளகாயும் போட்டு, மாங்காய்ப் பச்சடி மாதிரி ஒன்று செய்தேன். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.